மாட்டுப் பொங்கலன்று மேய்க்காலுக்குக் காவல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசி மதில் முடிகிற இடத்தில் எங்கள் ஊர் மேய்க்கால் தொடங்கும். நான் கல்யாணமாகி வந்தபோது அது பெயருக்குத்தான் மேய்க்கால். உள்ளே மேய ஒன்றும் கிடையாது. ஏரிக்கரை வரைக்கும் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. மாடு அந்த முள்மரத்தின் காயைத் தின்னும், போகிற இடமெல்லாம் சாணியோடு விதையைப் போடும், அங்கே இன்னொரு முள் முளைக்கும். முள்ளை வளர்த்ததே எங்கள் மாடுகள்தான். நாங்களோ பழியைத் தொழிற்சாலைப் புகை மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு மேடம் வந்தார். தரிசு நிலங்களைத் திருத்துகிற தொண்டு நிறுவனத்தில் வேலை. முள்ளை வேரோடு பிடுங்கி, சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, மழைத் தண்ணீரை நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் விதைத்தால் மேய்ச்சல் திரும்பும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. புல் கதிர் விட்டு, விதை முற்றி, தானாகக் கொட்டுகிற வரைக்கும் ஒரு மாடும் உள்ளே வாய் வைக்கக் கூடாது. அந்த முதல் விதை மண்ணில் விழாவிட்டால் மறுபடியும் முள்தான் வரும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "செஞ்சிடலாம் மேடம்" என்று முதலில் எழுந்து சொன்னது நான்தான். அதனால் ஊரைச் சம்மதிக்க வைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. எல்லோரும் இறங்கி வந்தார்கள், எதிர்வீட்டு அக்காவைத் தவிர. நெல்வயலும் ஊரிலேயே அதிக மாடுகளும் வைத்திருந்தவர். பிடி கொடுக்காமல் இழுத்தடித்து, கடைசியில் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"சரி, மேய்க்கால மூடுங்க. ஆனா எவ மாடாச்சும் ஒண்ணு உள்ள பூந்துச்சு, என் மாட்ட அத்தினியும் அவுத்து உட்டுடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து அழக் கூடாது."

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். பார்த்ததில் நியாயம் இருந்தது. என் ஒற்றை மாடு அப்போது சினை. என் வீட்டுக்காரருக்கு இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை, இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாடு கன்று போட்டுப் பால் கறந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். அப்படிப்பட்டவள் மாட்டைக் கட்டிப் போட்டுப் பட்டினியா போடுவாள் என்று யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஜேசிபி வந்து முள்ளைப் பெயர்த்தது. நாங்கள் பள்ளம் வெட்டினோம், கையெல்லாம் முள். ஐப்பசி மழை கைகொடுத்தது. கார்த்திகையில் சிவப்பு மண்ணே தெரியாமல் பச்சை மூடியதைப் பார்த்து, ஏதோ நானே பெற்றெடுத்த மாதிரி தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். கொட்டகையில் கட்டிக்கிடந்த மாடு அந்தப் பக்கமே பார்த்துக் கத்தும். "ஊரு மாட்டுக்கெல்லாம் புல்லு வளக்கிற, உன் மாட்டுக்கு ஒரு வாய் இல்ல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். களையெடுத்துவிட்டு வருகிற குழுப் பெண்கள், வரப்பில் அறுத்ததில் ஆளுக்கொரு பிடி என் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். மாடு அதில்தான் பிழைத்தது.

தையில் புல் கதிர் விட்டிருந்தது. ஆடு, தீ, ராத்திரியில் புல்லைத் திருட்டுத்தனமாக அறுத்துப் போகிறவர்கள் என்று எதையெதையோ யோசித்து வைத்த நாங்கள், மாட்டுப் பொங்கலை மறந்தே போனோம். எங்கள் ஊரில் அன்று சாயங்காலம் பூசை முடிந்து மாட்டை அவிழ்த்துவிட்டால் இருட்டுகிற வரை கயிற்றைத் தொடக் கூடாது. எங்கே போனாலும் இழுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அன்றைக்கு அது சாமி. முள் இருந்த காலத்தில் ரோட்டோடு ஓடிவிட்டுத் திரும்பும். இப்போது ஓரமாகவே பச்சைப் புல் நிற்கிறதே!

கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவுக்கு ஓடி வந்து கத்தினேன். ஆண்கள் சிரித்தார்கள். "இன்னாம்மா பேஜாரு பண்ற? இன்னிக்குப் போய் மாட்டக் கட்டிப் போடச் சொல்றியா?" என்றார் ஒருவர். அதற்குள் ஒரு வீட்டில் மாட்டை அவிழ்த்தும் விட்டார்கள். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

எதிர்வீட்டு அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். "மாட்டத்தானே தொடக் கூடாது? நாம போய் நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. வாங்கடி!"

பட்டுப்புடவையோடு, கையில் கிடைத்த தட்டும் கரண்டியுமாக எல்லோரும் ஓடினோம். பள்ளத்து ஓரமாக வரிசையாக நின்று, மாடுகள் வந்ததும் தட்டைத் தட்டிப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். மிரண்ட மாடுகள் ஏரிக்கரைப் பக்கம் திரும்பின. அக்காவின் மாடுகளும்தான்.

கடைசியாக என் மாடு வந்தது. வயிற்றுச் சுமையோடு ஓட முடியாமல், மாலையும் கழுத்துமாக ஆடி அசைந்து வந்து, சத்தத்துக்கெல்லாம் மசியாமல், இரண்டு பெண்களுக்கு நடுவே நுழைந்து நேரே புல்லில் வாய் வைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பாவமாவது புண்ணியமாவது என்று கயிற்றைப் பிடிக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடுடி. வாயும் வயிறுமா கீது. தின்னட்டும்."

"அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல சொன்னியே, உன் மாடு..."

"என் மாட்ட நான் பாத்துக்கிறேன். நீ அது பக்கத்துல போய் நில்லு."

அந்த விதை நல்லபடியாகவே கொட்டியது. அடுத்த மழைக்குப் புல் தானே வந்தது, ஊர் மாடெல்லாம் மேய்ந்தது. மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லிவிட்டோம். இந்தப் பெண்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தன் சொந்த மாட்டைப் பார்த்துத் தட்டைத் தட்டி விரட்டிக்கொண்டே நின்றாள். என் மாடு வயிறு நிறையத் தின்று முடிக்கிற வரை ஒருத்தியும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.