தலைக்கணக்கில் சேர சந்தாபுரா வரை

பெங்களூரின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் அடிதடியே நடக்கும். கடைசியாகத் தலையை எண்ணியது 2011இல். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் மதிப்பீடுதான். ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள். ஒரு கோடியைத் தாண்டியாயிற்று என்பதில் மட்டும் சண்டை இல்லை. அந்த எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வேண்டிய நிலை இந்தக் கோடையில் வந்தது. அந்த ஒன்று நான். அதைச் சரிசெய்யத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவிலிருந்து சந்தாபுரா வரை போய்வந்தேன். யாருக்காவது இதேபோல் போகவேண்டி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். அந்த மாடியில் ஆறு அறைகள். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடி என்பதால், மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தால் யாரும் சத்தம் காட்டக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். மீறினால் அறையைக் காலி செய்ய வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் படியில் ஒரு பெண்குரல் கேட்டது. "மேல யாரும் இல்லம்மா, பழைய சாமான் போட்டு வெச்சிருக்கேன்" என்றார் ஓனர். கதவுக்கு இந்தப் பக்கம் நான் பனியனோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் வெளியே கேட்குமே என்று குழாயை மூடினேன். தும்மல் வந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டேன். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை! அவர்கள் இறங்கிப் போன பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றேன். அழுகை வரும்போல இருந்தது.

சாயங்காலம் குடியாத்தத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கேயாவது என் பெயர் ஏறியிருக்கும் என்று ஒரு நப்பாசை. "நீ அங்கதானேடா இருக்க? அங்க எழுதிக்குவாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டிலுமே கால் இல்லை.

பூட்டியிருந்த வீட்டுக்காரர்கள் வந்தால் கூப்பிடச் சொல்லி, கணக்கெடுக்க வந்த டீச்சர் கீழே மளிகைக்கடையில் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டேன். "திங்கக்கிழமை காலைல எல்லாம் ஒப்படைக்கணும். ஞாயித்துக்கிழமை சந்தாபுரால வீட்லதான் இருப்பேன். ஆனா போன்லயே சொல்லலாமே?" என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாராவது என்னை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று எனக்கு இருந்தது.

காலை 7.40க்குக் கிளம்பினேன். ஈஜிபுரா சிக்னலிலிருந்து மடிவாளாவுக்கு ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், 80 ரூபாய். டிரைவர் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த தமிழர். போகிற காரியத்தைச் சொன்னதும் அவரும் தன் மதிப்பீட்டைச் சொன்னார்: "முன்னெல்லாம் இந்த சிக்னல்ல நின்னா ஒரு பீடி முடியாது சார். இப்ப ரெண்டு பீடி ஆவுது. ஜனம் டபுள் ஆயிடுச்சு, அஷ்டே, அவ்ளோதான்." கேன்டீனில் கேட்ட எல்லா எண்ணையும்விட இது நம்பும்படியாக இருந்தது.

மடிவாளாவில் 8.10க்கு பஸ். சந்தாபுராவுக்கு 30 ரூபாய், சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையும் காலிதான். பொம்மசந்திரா தாண்டியதும் இருபுறமும் புதுப்புது அடுக்குமாடிகள். துணி காயும் பால்கனிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். இத்தனை பேர் இருக்கிற ஊரில் அந்த வாரம் முழுக்க நான் யாரிடமாவது நின்று பேசினேனா என்று யோசித்துப்பார்த்தேன். மளிகைக்கடைக்காரரிடம் மட்டும்தான்.

9.05க்கு சந்தாபுரா. ஆனேக்கல் ரோட்டில் பத்து நிமிட நடை. "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் ‘வாங்க’ சொல்லி டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அம்மா வீடு ஓசூர் என்பதால் தமிழும் வருகிறது.

"உங்க ஓனர் சாமான் ரூமுன்னாரே?"

"அந்தச் சாமான் நான்தான் மேடம்."

சிரித்துவிட்டார். மாடியை இடித்துவிடுவார்களா என்று கேட்டேன். "இது வரி ஆபீசுக்கெல்லாம் போகாது. ஆள் எத்தனைன்னுதான் நமக்கு வேணும்" என்றபடி என்னை நிமிர்ந்து பார்த்து எழுதினார். குடும்பத் தலைவர் என்று என் பெயர், ஆட்கள் ஒன்று. அதுவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மத்த ரூமெல்லாம்?"

"மொத்தம் ஆறு ரூம் மேடம். என்னோட சேர்த்து ஒம்போது பேர்."

"பேரு சொல்லுங்க."

இரண்டாம் அறைக்காரர் விடியற்காலையில் இருமுவார், நாலாம் அறையில் மூன்று பேர், ஆறாம் அறை வாசலில் ஊதாச் செருப்பு. இவ்வளவுதான் தெரியும். இருமலுக்கும் செருப்புக்கும் பேர் எழுத முடியுமா? "ரெண்டு வருஷம்னீங்க இல்ல?" என்றார் டீச்சர். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் அதிகம் வலித்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் பெயர்களைச் சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவிட்டேன். இரண்டாம் அறை வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் தட்டினேன். ஓட்டலில் சமையல் வேலை, திருக்கோவிலூர்க்காரர். அந்தச் செவ்வாய்க்கிழமை வெளியே போயிருந்தீர்களா என்று கேட்டேன்.

"எங்க போறது? அடுப்ப அணைச்சுட்டு உள்ளயே குந்தினு இருந்தேன்."

நாலாம் அறையிலும் அதே கதை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மூன்று பேரும் வாய்திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் தும்மலை அடக்கிக்கொண்டு நின்ற அதே நேரம். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஏழு பெயர்கள் கிடைத்தன. எல்லோரும் என் பெயரையும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆறாம் அறையில் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. தட்டினேன். "ஓனர் இல்லீங்க, பக்கத்து ரூம்தான்" என்றேன். ஃபேன் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு முறை தட்டிப்பார்த்துவிட்டு வந்தேன். 5.50க்கு டீச்சருக்குப் போன் செய்து ஏழு பெயர்களைச் சொன்னேன். ஆறாம் அறையில் ஆள் இருக்கிறது, பெயர் தெரியவில்லை என்றேன். பெயர் இல்லாமல் எழுத முடியாது என்றார்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு எட்டு மணிக்குள் கிளம்புங்கள். வாரநாளில் ஓசூர் ரோட்டில் இதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். பொம்மசந்திரா வரை மெட்ரோவும் உண்டு. எனக்குப் போகவர மொத்தம் 220 ரூபாய். போவதற்கு முன்பே பக்கத்து அறைகளைத் தட்டிப் பெயர் கேட்டுக்கொண்டு போங்கள். ஓனர் வலைப்பதிவெல்லாம் படிக்கிறவர் இல்லை. படித்தால் எனக்கு ஓர் அறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஆறாம் அறைக்காரர் இதைப் படித்தால்: நான் மூன்றாம் அறை. பகல் முழுக்க உள்ளேதான் இருப்பேன்.