சும்மா கிடைத்த வீடு

குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் ஜோலீன். "உஷ்! இன்னும் ஒரு மடக்குத் தண்ணி உள்ள நிக்குது," என்கிறாள். அவள் சொன்னால் இருக்கும். அக்டோபர் பிறந்தால், கோடைக்கு மட்டும் வந்து தங்கும் கோடைக்காரர்கள் எங்கள் தீவைவிட்டுக் கப்பலேறிவிடுவார்கள். அவர்களுடைய வீடுகளில், குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காதபடி அதை வடித்து, வீட்டை மூடி வைப்பது இவள் பிழைப்பு. இடுப்பு வளையத்தில் முப்பத்தொரு வீட்டுச் சாவி. ஒன்றுகூட அவள் வீட்டுடையது இல்லை.

வயது ஐம்பத்து நான்கு. பிறந்ததும் இங்கேதான். குளிர்காலத்துக்கு ஒரு வாடகை வீடு கிடைக்கும். மே முடிந்ததும் அதைக் கோடைக்காரர்களுக்கு வாரக்கணக்கில் விடுவார்கள். இவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போன கோடையில் ஒரு படகுக் கொட்டகையின் மாடியில் படுத்தாள். அதற்கு முந்தின கோடையில் என் பின்னறை. அப்பா எழுதிவைத்துப் போனதால் எனக்கு வீடு இருக்கிறது. கப்பல் சீட்டுக் கிழிக்கிற என் சம்பளத்துக்கு இன்றைக்கு அதன் வாசல்படியைக்கூட வாங்க முடியாது. ஒன்றுக்கும் உதவாத சதுப்பு மனையே பத்து லட்சம் டாலராம். வயிறு எரிகிறது.

பல் துலக்கும் பிரஷ் எப்போதும் அவள் சட்டைப்பையில் இருக்கும். "எங்க ராத்தங்குவேன்னு எனக்கே தெரியாது, எஸ்ரா," என்று சிரிப்பாள். நகங்களைப் பார்த்தால் ரத்தம் வருமளவு கடித்திருப்பாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பழைய வீட்டை இடிக்க நினைப்பவர் முதலில் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும்: பெயர்த்துக்கொண்டு போகிறவருக்கு வீடு இலவசம். மரவீடுதானே, முழுசாக இரும்புச் சட்டத்தில் ஏற்றி, லாரியில் இழுத்துப் போவார்கள். கூரையோடு ஒரு வீடு தெருவில் போனாலும் இங்கே யாரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதில்லை.

ஆகஸ்டில், கோடைக்காரர்களில் ஒருத்தியான பிரெஸ்காட் அம்மாள் தன் கடலோரச் சின்ன வீட்டுக்கு அப்படி விளம்பரம் கொடுத்தாள். "நீயே எடுத்துக்கோயேன் ஜோலீன், பத்தொன்பது வருஷமா நீதானே பாத்துக்கிற!" என்றாளாம். நவம்பர் பதினைந்து வரை கெடு. வீடு சும்மா. அதை வைக்க மண்ணுக்கு எங்கே போவது?

தம்பி எல்டனின் வீட்டுப் பின்புறம் காலியாகக் கிடந்தது. "கொண்டாந்து வச்சுக்கக்கா, எனக்குப் புல்லு வெட்டுற வேலை மிச்சம்," என்றான் அவன். அன்றோடு இவள் தூக்கம் போயிற்று. தினமும் அந்த இடத்தை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். "நேத்து இருபத்திரண்டு அடின்னா இன்னைக்கும் அதேதான் இருக்கும், தாயே!" என்றால் கேட்கமாட்டாள். "சுருங்கிப் போயிருந்தா?" என்பாள். லாரிக்காரனிடம் நாள் குறித்தாள். குளிர்கால வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு பெட்டியையும் பிரிக்கவில்லை. "என் வீட்ல பிரிச்சுக்கிறேன்," என்றாள். அந்த 'என்' என்ற சொல்லைக் கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னாள்.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில், என் சீட்டு ஜன்னலுக்கு முன்னால் வைத்தே எல்டன் அவளிடம் சொன்னான்.

"அக்கா... இடத்த மொத்தமா கேக்குறாங்க. முப்பது லட்சம் டாலர். என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

"அப்ப நீ எங்கடா போவ?"

"அக்கரைக்குத்தான்."

கத்தித் தீர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவன் கன்னத்தைத் தட்டினாள். "நல்ல கம்பளிக் கோட்டா வாங்கிக்கடா, அங்க பனி ஜாஸ்தி," என்றாள். எனக்குத்தான் அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அப்புறம் யோசித்தால், முப்பது லட்சத்தை யாராவது என் முன்னால் நீட்டினால் நான் என்ன செய்வேனோ, தெரியாது.

நேற்றோடு கெடு முடிந்தது. இன்று காலைக் கப்பலில் இடிக்கிற இயந்திரம் வந்து இறங்கியது. அதற்குச் சீட்டுக் கிழித்தவனும் நானே. மனசு கேட்காமல், வேலை முடிந்ததும் பிரெஸ்காட் வீட்டுக்குப் போனேன்.

சமையலறையில் ஜோலீன் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்திருந்தாள்.

"நாளைக்கு இடிக்கப் போறாங்க, ஜோலீன். இதுக்குப் போய் எதுக்கு...?"

"ராத்திரி உறைபனின்னு ரேடியோல சொன்னான்."

கடைசிச் சொட்டுவரை வடித்தாள். குளிரில் உறையாத அந்த இளஞ்சிவப்பு மருந்தை சிங்கில் அளவாக ஊற்றினாள், சிந்தியதைத் துடைத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.