புற்றுநோய் ஊசியும் கல்யாணச் சோறும்

ஊசியோடு வருகிற நர்ஸைப் பார்த்து மனசாரச் சிரிக்கிற நோயாளியை நான் கண்டதில்லை. என்னைப்போல இந்த வேலையில் உழன்ற நீங்களும் கண்டிருக்க மாட்டீர்கள். அறுபதுகளில் கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். புற்றுநோய்க்கு ஊசிமருந்து வந்த புதுசு. சென்னையிலோ வேலூரிலோ வைத்தியத்தைத் தொடங்கிவிட்டு, மிச்ச ஊசிகளை எங்களிடம் போட்டுக்கொள்ள மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் வருவார்கள். மருந்து நோயோடு சண்டை போடும். நடுவில் சோறு, தூக்கம், தலைமுடி எல்லாம் அடிபடும். வாந்தியை நிறுத்த இப்போதுபோல நல்ல மாத்திரைகளும் கிடையாது.

காலியான பரண்

வில்பட்டி ராமசாமி பூண்டு விவசாயி. ஊசிக்குப் பிறகு அவருக்குப் பூண்டு வாசனையே ஆகவில்லை. வீட்டிலோ அடுப்புக்கு மேலே பரண் நிறையப் பூண்டு, புகையில் காய்ந்துகொண்டிருந்தது. மனுஷன் வாசற்படி ஏறினாலே குமட்டல். சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு. "ரசஞ்சோறு எறங்குது சிஸ்டர்" என்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் பரணிலிருந்த பூண்டு முழுவதையும் சுமந்துபோய் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டு, வீட்டைக் கழுவி மெழுகியிருந்தாள். புகை படாவிட்டால் பூண்டு கெட்டுப்போகுமே என்று எனக்குத்தான் பதைத்தது. அவள் பதறவில்லை.

"பூண்டு அடுத்த வருசமும் வெளையும் சிஸ்டர். இவரு இன்னைக்கு ரெண்டு வாய் திங்கணும்ல?"

என்ன வேண்டுதல்?

பழனியில் பூக்கடை வைத்திருந்த தனலட்சுமிக்கு முழங்கால் வரை கூந்தல். அது கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. மிச்சத்தையும் எடுத்துவிடச் சொல்லி அவளே கேட்டாள்; எடுத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முக்காடு போடாமல் வராண்டாவுக்குக்கூட வரமாட்டாள். ஊருக்குப் போகப் பயந்து நாளைத் தள்ளினாள். கடைசியில் அவள் புருஷன் வந்து கூட்டிப்போனார்.

திரும்பி வந்தபோது முக்காடு இல்லை. "மொட்டை போட்ட சனத்துக்கு நடுவுல என்னை யாரு பாக்கா சிஸ்டர்? ஒரே ஒரு அம்மா மட்டும் பூ வாங்கிக்கிட்டே, என்ன வேண்டுதல்னு கேட்டாங்க" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'உசுரு'ன்னேன். அந்தம்மா வாங்குன பூவை எனக்கே குடுத்துட்டுப் போயிட்டாங்க."

வளைவுகள்

கருப்பையா பெரும்பாறை எஸ்டேட்டில் ஆரஞ்சு பறிக்கிறவர். ஊசி போட்ட கையோடு பஸ் ஏறினால் மலைரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவர் குடலைப் பிடுங்கும். ஒருமுறை நானும் அதே பஸ்ஸில் போனேன். பெருமாள்மலை தாண்டியதுமே அவர் கை காட்ட, டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும். பின்சீட்டிலிருந்து ஒருவர், "சோலி கெடக்குங்க, வெரசாப் போங்க" என்று சத்தம் போட்டார். கருப்பையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தான் இறங்கி நடந்தே போய்விடுவதாக எழுந்தார். டிரைவர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"அண்ணே, சோலி இருக்கவுக எறங்கி நடங்க. இவரு ஏறுன வண்டி இவரு ஒடம்பு சொல்றபடிதான் போகும்."

தள்ளிப்போன ஊசி

அதே கருப்பையா ஒருநாள் டாக்டர் முன்னால் கைகட்டி நின்றார். மகளுக்குக் கல்யாணம். ஊசியும் அதே வாரம். "ஊசியைத் தள்ளிப் போடுங்கய்யா. பந்தியில உக்காந்து புள்ள கல்யாணச் சோத்தைத் திங்கணும். ஓங்கரிச்சுக்கிட்டு மூலையில கெடக்கக் கூடாது."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நோய் உங்க முகூர்த்தத்துக்குக் காத்திருக்காது" என்றார். கருப்பையா கட்டின கையோடு அங்கேயே நின்றார். மெதுவாக நான், "காத்திருக்காதுதான் டாக்டர். ஆனா அவர் எதுக்காகப் பிழைக்கணும்னு நெனைக்கிறாரோ, அதுவே அந்தக் கல்யாணம்தானே?" என்றேன். டாக்டர் என்னை முறைத்தார். மேஜையிலிருந்த சீட்டை எடுத்துத் தேதியை மாற்றி எழுதினார். பிறகு, "ஒரே வாரம். அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன நாளில் கருப்பையா வந்தார். கல்யாண வேட்டி, நெற்றியில் சந்தனம், எங்களுக்கு ஒரு கூடை ஆரஞ்சு. அடுத்த பறிப்புக்கு அவர் இல்லை. தள்ளிப்போட்டதாலா என்று டாக்டரை ஒருநாள் கேட்டேன்; இல்லை, நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது என்றார். ஆனால் கல்யாணம் முடிந்து வந்த அன்றைக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கருப்பையா நீட்டிய கையும், சொன்ன சொல்லும் அப்படியே நினைவிருக்கிறது.

"பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சேன் சிஸ்டர். இப்பக் குத்துங்க."

இத்தனை பேரிடம் இத்தனை பாடம் படித்தும், "வலிக்குமா?" என்று கேட்கிறவர்களிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லும் பொய்யை, வேலையைவிட்டு நிற்கிற நாள்வரை நான் விடவில்லை; ஒரு நோயாளியும் அதை நம்பவும் இல்லை.