கை நனைத்துவிட்டுப் போனவர்கள்

ஆந்திராவின் புத்தூரில் எலும்புக் கட்டு போட வருகிற கூட்டத்திடம்தான் நான் மொழிகள் கற்றேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் டீக்கடை. கை உடைந்தவர், கால் பிசகினவர் என்று எங்கெங்கிருந்தோ வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பேச்சுக் கொடுத்தால் வலி மறக்கும் என்று பேசுவேன். ஊரில் பேசுகிற தெலுங்கு சரளமானதும், கன்னடம் வந்ததும் அப்படித்தான். ஆங்கிலம் கொஞ்சம் செய்தித்தாளில் வந்தது, மீதி மொபைலில் வந்தது. அதனால்தான், ஒரு வெளிநாட்டுத் தூதரகக் குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியவர்கள் என் கடையில் டீ குடித்துக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மனித உரிமை பற்றி உலக நாடுகள் முன்னால் நம் அரசு கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதெல்லாம் ஊருக்குள் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்து, அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுவது அந்தக் குழுவின் வேலை. அதற்குத் தலைவியாக ஒரு தூதரக அம்மையார் வந்திருந்தார். மெல்லிய குரல், நல்ல சிரிப்பு. நான் சொல்வதைத் தலை சாய்த்துக் கேட்பார். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

பிச்சாட்டூரைத் தாண்டி ஏரிப் பள்ளத்தை ஒட்டிய ஒரு காலனிக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். அங்கிருப்பவர்கள் தமிழ்க் குடும்பங்கள். முன்பு நிலமில்லாதவர்கள், இப்போது கொஞ்சம் பயிர், மீதி கூலி. அவர்களுக்கு இருந்தது ஒரே பிரச்சனை. சுடுகாட்டுக்கு நல்ல தார் ரோடு உண்டு, ஆனால் அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அந்தத் தெருவில் இவர்கள் பிணம் போகக் கூடாது. பள்ளத்தில் இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அங்கே ஏரித் தண்ணீர் நிற்கும்.

அங்கே முன்னால் வந்து பேசினவள் முப்பது வயசுக்காரி ஒருத்தி. என்னை அண்ணா என்பாள்; எங்கள் பக்கத்துப் பேச்சில் வழி அவளுக்குத் தாரி, அப்பா நைனா.

"எங்களுக்குத் தாரி இருக்குதுண்ணா, உசுரோட இருக்கற வரைக்கும். செத்த ஒடனே தாரி பூடுது. அத்த இங்கிலீஷ்ல சொல்லு."

சொன்னேன். அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

உள்ளே கட்டிலில் அவள் நைனா படுத்திருந்தார். எழுந்திருக்க முடியாத உடம்பு, வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"தொரைசானி வந்துகிறாங்களா? சீக்கிரம் ரோட்ட வுடச் சொல்லு. ரோட்டு மேல போவணும்னுதான் மூச்சப் புடிச்சிக்கினு கெடக்கறேன். ரொம்ப நேரம் புடிக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்திருந்த பெரிய அதிகாரியும் சிரித்து, "தப்பகுண்டா சேஸ்தாம் பெத்தாயனா" என்றார். கட்டாயம் செய்வோம் பெரியவரே என்று நான் அதைத் தமிழில் சொன்னபோது, அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு சாப்பாடு. முட்டை போடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். "மெல்ல வேணாம்னு சொல்லுண்ணா, முழுங்கணும்!" என்று பெண்கள் கத்தினார்கள். அந்த அம்மையார் முழுங்கினார், விக்கினார், மறுபடி வாங்கிக்கொண்டார். அதுவரை அந்தக் காலனியில் தண்ணீர்கூடக் குடித்திராத அதிகாரியும் அதே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் இருந்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அதனால் வண்டிகள் கிளம்பிய பிறகு அவள் என்னிடம், "கை நனச்சிட்டாங்கண்ணா. முடிஞ்சிது. இனிமே நம்ம பக்கம்தான்" என்றாள். ஆமாம் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வாரம் திருப்பதியில், ஜன்னலில் மலை தெரியும் ஒரு ஹோட்டல் கூடத்தில் அரசோடு பேச்சுவார்த்தை நடந்தது. அவளும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதில் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மையார் எழுந்தார். உடன்படிக்கைகளைப் பற்றிச் சொன்னார், அரசின் அக்கறையைப் பாராட்டினார். அப்புறம், "கடந்த வாரம் ஒரு எளிய குடும்பத்தின் வீட்டில் அதிகாரிகளும் நாங்களும் அவர்களோடு ஒரே பாயில் அமர்ந்து சாப்பிட்டோம். அரசு உலகத்துக்குக் கொடுத்த வாக்கு இங்கே காப்பாற்றப்படுகிறது என்பதற்கு நான் கண்ட சாட்சி அது" என்றார்.

கைதட்டினார்கள். என் மொழிபெயர்ப்பில் அது அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

"தாரி எப்போ வரும்ணா?"

"வரும்மா, இரு."

கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்தார்கள். தாரி வரவில்லை.

வராந்தாவில் அம்மையாரை மறித்துக் கேட்டேன். என் தோளைத் தொட்டுப் பரிவோடுதான் பேசினார். "வெளிப்படையாகக் குறை சொன்னால் அரசு கதவைச் சாத்திவிடும். பிறகு பேசவே முடியாது. கதவு திறந்திருப்பது முக்கியம்." அவர் பொய் சொல்லவில்லை. திறந்திருந்த அந்தக் கதவு வழியாக அதிகாரி வந்து, போட்டோ எடுக்க அவரை அழைத்துப்போனார்.

பேருந்தில் சேர்ந்தேதான் திரும்பினோம். புத்தூரில் நான் இறங்கும் சமயம் அவள் சொன்னாள்: "நம்ம சோத்தத் துன்னுட்டு, அத்தயே நமக்கு எதிரா சாட்சி வெச்சிட்டாங்களே."

ஐப்பசி மழையில் நைனா போய்விட்டார். பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் நடந்தேன். எங்களுக்கு இடது பக்கத்தில், மேட்டில், ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு ஆடுகள் மட்டும் அதில் நனைந்துகொண்டு நின்றன.

தை முடிந்ததும் தூதரகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக ஒரு குழு வருகிறதாம். போன முறை சாப்பாடு மிகவும் பிடித்திருந்ததாம். அதே வீட்டில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

கோபத்தை அடக்கிக்கொண்டு அவளிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்றிருந்தேன். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள்.

"வரச் சொல்லுண்ணா. கார் வேணாம். மொதல்ல நைனா போன தாரியில எறங்கி, சுடுகாடு வரைக்கும் நடந்துட்டு வரட்டும். அந்த ஆபீசரும்தான். அப்புறமா களி கிண்டறேன்."

ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் நேரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

பள்ளத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. தூதரகத்தில் இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.