பிளானோடு பிடிபட்ட பிறகு

அண்ணா கனடாவிலிருந்து சொன்னபடியால்தான் நான் கட்டட நிர்மாண முகாமைத்துவம் படிக்கச் சேர்ந்தேன். "இஞ்ச அந்தப் படிப்புக்கு உடன வேலை கிடைக்கும். ஸ்பொன்சர் சரிவரும் மட்டும் சும்மா இராதை," என்றார். அப்பா யாழ்ப்பாணத்தில் வீட்டோடு நின்றுவிட, நானும் அம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம்.

வகுப்பில் என்னைத் தவிர ஒரேயொரு பெண். மொரட்டுவையிலிருந்து வரும் சிங்களப் பிள்ளை. இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் கடைச் சாமான் வாங்கத்தான் காணும். அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்துக்கொள்வோம்.

சண்டைக் காலம். ஒருநாள் பின்னேரம் காலி வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் இருவர் கையிலும் பாடத்துக்காகத் தந்த ஒரு மாடிக் கட்டடத்தின் பிளான் சுருட்டியபடி இருந்தது. அவளுடைய அடையாள அட்டையில் சிங்களப் பெயரைப் பார்த்த சிப்பாய் சுருளைத் தொடவில்லை. என்னுடையதை வாங்கி விரித்தான். தூண்களையும் படிக்கட்டையும் விரலால் தடவினான்.

"தங்கச்சி, இது எந்தக் கட்டடம்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"பாடத்துக்கு. உண்மையான கட்டடம் இல்லை."

"இல்லாத கட்டடத்துக்கு எதுக்குப் பிளான்?"

என் சிங்களம் முடிந்துவிட, ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். சிநேகிதி தன்னுடையதை விரித்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினாள். அவளை பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் பஸ்ஸில் ஏறவில்லை. எங்கள் பிளாட்டைத் தேடிப் போயிருக்கிறாள். "கதவைத் திறந்தா ஒரு சிங்களப் பிள்ளை 'பொலிஸ், பொலிஸ்' எண்டு அழுதுகொண்டு நிக்குது. எனக்கு விளங்கிப்போச்சு," என்று அம்மா பிறகு சொன்னா. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே இருவரும் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் கதைத்தாள். நாங்கள் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டை அம்மா பிடித்துக்கொண்டு நின்றா. பொழுதுபட என்னை விட்டார்கள். பிளானை வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு என் பிளான்களை அவள்தான் மொரட்டுவைக்குக் கொண்டுபோய்க் காலையில் திரும்பக் கொண்டுவருவாள். வீட்டில் வைத்துச் செய்யவேண்டியதை நான் இடைவேளைகளில் அவசரமாகச் செய்தேன். அவளை ஒருவரும் மறிக்கவில்லை. நன்றியாகத்தான் இருந்தது. ஆனாலும் வெறுங்கையோடு அவள் பக்கத்தில் இருக்கையில், இந்தப் படிப்பு என்னுடையதுதானா என்று தோன்றும்.

பயிற்சிக்கு அவள் கொழும்புக் கோட்டைப் பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட எழும்பிய பெரிய கட்டடமொன்றுக்குப் போனாள். அங்கே போக எனக்குப் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் பிளாட் கட்டிக்கொண்டிருந்த முஸ்லிம் கொந்தராத்துக்காரர் ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். மேல்தட்டில் ஏறினால் ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும் தெரியும். மறுபக்கம் எங்கள் அறை ஜன்னலில் அம்மா நிற்பா.

ஒருநாள் அவர் ஓர் அறையின் நடுவில் சுவர் வைக்கச் சொன்னார்.

"அப்ப உள் அறைக்கு ஜன்னல் வராது," என்றேன்.

"யாழ்ப்பாணத்து ஆக்கள் எத்தின பேர் எடம் கேட்டு வாறாங்க, புள்ள. இன்னொரு குடும்பம் இரிக்கலாம் தானே."

எங்கள் அறையும் அப்படித்தான் இரண்டாக்கிய அறை. ஜன்னல் எங்கள் பக்கம் வந்திருந்தது. நான் நிலத்தில் சோக்கால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

படிப்பு முடிந்து சோதனை பாஸானேன். கனடாத் தூதரகம் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. கொந்தராத்துக்காரரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். காலி வீதிக்கு ஏறாமலே போய்வரலாம் என்பதில் அம்மாவுக்கு நிம்மதி.

கோட்டையிலேயே வேலை கிடைத்த சிநேகிதி ஒருநாள் தொலைபேசி எடுத்தாள். "மேலே வந்து பார். துறைமுகம் முழுக்கத் தெரியுது," என்றாள்.

வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.