அம்மா ஏறிய ஒன்பது மாடி

உருளைக்கிழங்கு மண் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. காத்மாண்டுவின் குழாய்த் தண்ணீரோ மே மாதத்தில்கூட விரலை மரத்துப்போக வைத்தது, அதனால் நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் அம்மாவின் விரல்கள் கறுத்தே கிடந்தன. இமயமலை என்றால் மற்றவர்களுக்குப் பனி ஞாபகம் வரலாம். எனக்கு அந்த ஈர மண் வாசனைதான் வருகிறது, கூடவே கோபமும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. காட்டூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் ஸ்ரீரங்கத்து யாத்திரைக் கோஷ்டி ஒன்றோடு முக்திநாத் போய்விட்டுத் திரும்பும் வழியில் காத்மாண்டுவில் தங்கினோம். நம் ஊர்க்காரர்களுக்கு வெளியூர்ச் சாப்பாடு ஆகாது என்பதால் அரிசி மூட்டை, அண்டா, அரிவாள்மனை எல்லாம் எங்களோடு வந்தன, ஒரு சமையல்காரரும் வந்தார். காய் நறுக்க மட்டும் ஆள் வரவில்லை. அதைப் பெண்கள் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு, கோஷ்டியை நடத்திய "டூர் மாமா" வைத்திருந்த பெயர் "கைங்கர்யம்".

"பெருமாளுக்குப் பண்றதா நினைச்சுண்டு பண்ணுங்கோ, அத்தனையும் புண்ணியம்" என்பார். அவ்வளவு புண்ணியம் என்றால் ஆண்களில் ஒருவர்கூட ஏன் அரிவாள்மனையில் உட்காரவில்லை என்று நான் சத்தமாகவே கேட்டேன். அப்பா முறைத்தார். ஆண்கள் ருத்திராட்சம் வாங்கப் போனார்கள், நாங்கள் கிழங்கு அலசினோம்.

அம்மாவுக்கு அந்த ஊரில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய அரண்மனைச் சதுக்கத்தில் இருக்கும் ஒன்பது மாடிக் கோபுரத்தில் ஏற வேண்டும். அதன் படம் போட்ட காலண்டர் தாளை வீட்டுப் பீரோவின் கதவுக்குள் பல வருடமாக ஒட்டிவைத்திருந்தார். "ராஜகோபுரத்த கீழ நின்னு பாத்தே கழுத்து வலிக்குது. அது ஏறிப் பாக்குற கோபுரமாம்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் சத்திரத்து மொட்டை மாடியில் காய்ந்த வேட்டிகளுக்கு மேலே அந்தக் கோபுரத்தின் கூரை தெரிந்தது. அவ்வளவு பக்கம். ஆனால் முதல் நாள் டிபனுக்குக் காய் நறுக்க வேண்டியிருந்தது, மறுநாள் வழிச் சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் கிண்ட வேண்டியிருந்தது, கிளம்பும் நாளில் சாப்பிட்டதும் பஸ் என்றார்கள்.

அன்று காலை அம்மா அப்பாவிடம் கேட்டார். "ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாமுங்க."

"எங்க போனாலும் செங்கலும் மரமுந்தான். சாப்பாட்டு வேலையப் பாரு."

அம்மா பாதி சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார், ஈரக் கையை முந்தானையில் துடைத்தார், என் மணிக்கட்டைப் பிடித்தார். சமையல்காரர் "அம்மா, கறிக்கு?" என்று கூப்பிட்டபோது நாங்கள் தெருவில் இருந்தோம்.

அரண்மனை வாசலில் உடம்பெல்லாம் செந்தூரம் பூசிய ஆஞ்சநேயர் சிலை இருந்தது. வாசலில் சாமி இருந்தால் உள்ளே கோயில் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். டிக்கெட் கிழித்த காவலர் எங்கள் காலைக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தார். அம்மா அவரையும் கும்பிட்டுவிட்டு நடந்தார். ஏணி மாதிரி செங்குத்தான மரப்படிகளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் வெறுங்காலோடு ஏறினார். உச்சியில் மரச் சன்னல்களுக்கு வெளியே அடுக்கடுக்கான கோயில் கூரைகள், புறாக்கள், சுற்றிலும் மலை. எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. கிளம்பலாம் கிளம்பலாம் என்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"பஸ் போயிரும்மா."

"போகட்டும். நம்ம உருளைக்கெழங்கு இல்லாம அவங்க கெளம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த யாத்திரையில் அவர் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது அங்கேதான்.

இறங்கி வந்தபோது செருப்புகள் இல்லை. சுட்ட செங்கல் தெருவில் ஓடிவந்தோம். பஸ்ஸில் எல்லாரும் ஏறியிருந்தார்கள். "ராணியம்மா அரண்மனைய விட்டு எறங்கியாச்சா?" என்றார் ஒரு துறையூர்க்காரர். "எங்களுக்கு இன்னிக்கு வெறும் ரசந்தான்" என்றாள் இன்னொருத்தி. டூர் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"செருப்பு எங்க?"

"அரண்மனைல இருக்கு" என்றார் அம்மா.

எப்படி இருந்தது என்று அப்பா கேட்கவே இல்லை.

அந்தப் படிகள் இன்று இல்லை. நிலநடுக்கத்தில் மேல் மாடிகள் சரிந்துவிட்டன, புது மரம் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பீரோ காலண்டர் தாளும் உதிர்ந்துபோனது. அம்மாவின் முழங்காலும் போய்விட்டது, மலைக்கோட்டைக்குப் போனால் அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நின்றுகொள்கிறார். இன்னும் அப்படியே இருப்பது அப்பாவின் பெருமை மட்டும்தான். போன வாரம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். அவர்களும் அதே மாதிரி ஒரு கோஷ்டியில் பணம் கட்டியிருக்கிறார்கள். நோட்டீஸில் முதல் வரியே "நம்ம ஊர்ச் சாப்பாடு". அப்பா உற்சாகமாகிவிட்டார்.

"ஒம்பது மாடி! இடிஞ்சு விழுறதுக்கு முன்னாடியே நாம ஏறிப் பாத்துட்டோம்ல."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "நாம இல்லங்க. நானும் இவளுந்தான் ஏறினோம். நீங்க சாப்ட்டுட்டு இருந்தீங்க."

அம்மா சித்தியின் பக்கம் திரும்பினார்.

"செருப்பக் கழட்டிறாத, அங்க தேவையில்ல. காய மட்டும் கீழ வச்சிட்டுக் கெளம்பிரு."