முதல்நாள் இலை

குலசிங்கம் அண்ணை போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர் ஒரு வியட்நாம்காரர். துவான் தொலைபேசியில் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொன்னார், மூன்றாவதில் அழுதுவிட்டார். நான் கனடாவின் மார்க்கம் நகரில் வீதியோரம் காரை நிறுத்திவிட்டேன்.

ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நாங்கள் மூவரும் பதினெட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். அண்ணை பெரிய தர்க்கக்காரர். சாப்பாட்டை ஆறவிட்டு உலக அரசியல் பேசுவார். தன்னுடைய கதையைக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். கலியாணமும் கட்டவில்லை.

ஒரு மதியம் துவான் தன் ஊர்ப்பக்கத்து லாம் சோன் கதையைச் சொன்னார். அறுநூறு வருடங்களுக்கு முன் சீனர் ஆட்சியை எதிர்த்து அங்கே கிளர்ச்சி எழுந்தது. தொடக்கத்தில் அடிமேல் அடி. மலையில் தலைவரைச் சீனப்படை வளைத்தபோது, தோழர் ஒருவர் தலைவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு, தானே தலைவர் என்று சொல்லி வெளியே போனார். அவரைக் கொன்றார்கள், தலைவர் தப்பினார். பின்னாளில் சீனரை வெளியேற்றி அரசரானார். தன் நினைவுநாளுக்கு முதல்நாள் அந்தத் தோழருக்குப் படைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். இன்றும் அப்படியே செய்கிறார்களாம்.

அண்ணை கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்ன அண்ணை, துவான்ரை ராசாவுக்கோ அழுகிறியள்?" என்று நான் பகிடி விட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

வேலை முடிந்து காருக்குள் வைத்துச் சொன்னார். கனடா வரமுன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்திருக்கிறார். வழியனுப்ப வந்து நின்றவர் நண்பர் ரவீந்திரன். ஆயுதங்களோடு வந்தவர்கள் லொட்ஜ் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, குலசிங்கம் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று ரவீந்திரன் எழும்பிப் போனார்.

"நாளைக்கு விட்டிடுவாங்கள், நீ பிளேனைப் பிடி எண்டு காதுக்குள்ளை சொல்லிப்போட்டுப் போனான். நான் வாயே திறக்கேல்லைத் தம்பி."

ரவீந்திரன் வரவேயில்லை. உடலும் இல்லை, திகதியும் இல்லை. ஸ்காபரோவிலேயே அஜின்கோர்ட் பகுதியில் இருக்கும் ரவீந்திரனின் தமக்கை சாந்தி அக்காவிடம் அண்ணை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஒரு திவசமாவது செய்வோம் என்று வருடாவருடம் கெஞ்சினார்.

"அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது? நீ கண்டனியோ?" என்று அக்கா கதவைச் சாத்துவார்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணை இதைத்தான் கேட்டார்.

"என்ரை நாளுக்கு முதல்நாளை அவனுக்குக் குடுங்கோ. முதல் இலை அவனுக்கு. அக்கா வராட்டி எனக்கு ஒண்டும் செய்யவேண்டாம்."

நான் போய்ச் சாந்தி அக்காவிடம் சொன்னேன். இந்தமுறை அவர் கதவைச் சாத்தவில்லை.

நாளை அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியை. இன்று மதியம் அவருடைய வீட்டில் சோறு சமைத்து, ஒரு வாழையிலையைப் போட்டுவிட்டு, துவானும் நானும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சோறு ஆறிய பிறகு அக்கா வந்தார். கையில் கத்தரிக்காய்க் குழம்பு. கைப்பைக்குள் தம்பியின் படம். படத்தை இலைக்கு முன்னால் வைத்தார். நான் மாலையை நீட்டினேன்.

"மாலை வேண்டாம் தம்பி. இலை இருக்கட்டும். பசியோடை வந்தானெண்டால் சாப்பிடட்டும்."

தன் கையாலேயே சோறு போட்டுக் குழம்பு விட்டார். பிறகு சுவரில் இருந்த அண்ணையின் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நாளைக்கு உனக்கும் சமைச்சுக்கொண்டு வாறன்" என்றார்.

அண்ணை, அக்கா சொன்னது கேட்டதுதானே? இன்று ரவீந்திரன் சாப்பிடட்டும். நாளை உங்கள் இலையிலும் அக்காவின் கறி இருக்கும். சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாகப் போய்வாருங்கள்.